மேல்மடை தேசம், கீழ்மடை தேசம்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, மேலுரம், பூச்சி மருந்து என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு கிராமத்தில் உழவர் கூட்டம். பேச வேண்டியதைப் பேசி முடித்து, திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, நம்ம வாய்க்கால்ல மேல்மடைக்காரன் ராத்திரியோட ராத்திரியா மடையை அடைச்சுப்புட்டா நாலு பேரைக் கூட்டி வச்சு நியாயம் கேக்கலாம். தாசில்தாருக்கு மனு எழுதலாம். கோர்ட்டுக்குப் போகலாம். ரெண்டு தேசத்துக்கு நடுவுல ஓடற ஆத்தை மேல இருக்கிற தேசம் திருப்பிக்கிட்டா, கீழ இருக்கிறவன் யாருகிட்டப் போய்ச் சொல்லுவான்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். இதற்குச் சரியான உதாரணம் கங்கைதான் என்று பட்டது. அதிலும் ஒரு விசேஷம் உண்டு. ஆற்றுத் தண்ணீர் என்றாலே நாம் கடைமடையில் நின்றுகொண்டு பேசித்தான் பழக்கம். கங்கையில் நம்ம தேசம் மேல்மடை. பங்களாதேஷ் கடைமடை. மேல்மடையில் நின்று பார்த்தால் வழக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் தெரிந்துகொள்ளலாம், இல்லையா?

முதலில் ஆற்றின் போக்கைச் சொல்லிவிடுகிறேன். இமயமலையில் புறப்படும் கங்கை, உத்தரப் பிரதேசம், பீகார் வழியாக ஓடிவந்து, ராஜ்மகால் குன்றுகளைச் சுற்றிக்கொண்டு மேற்கு வங்காளத்துக்குள் இறங்குகிறது. அங்கே முர்ஷிதாபாத் ஜில்லாவில் இரண்டாகப் பிரிகிறது. வலது கைப் பக்கம் தெற்கே போகிற கிளைக்குப் பாகீரதி என்று பேர். அதுவே கீழே போகப் போக ஹூக்ளியாகி, கல்கத்தாவைத் தொட்டுக்கொண்டு கடலில் விழுகிறது. இன்னொரு கிளை பத்மா. அது கிழக்கே திரும்பிப் பங்களாதேஷுக்குள் போய், பிரம்மபுத்திராவோடு கூடிக் கடலுக்குப் போகிறது.

ஒரு காலத்தில் பாகீரதிதான் பெரிய கிளை. சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே ஒதுங்க, பெருந்தண்ணீர் பத்மாவுக்குப் போய்விட்டது. பாகீரதியின் வாயில் மணல் மேடிட்டது. வெள்ளக் காலத்தில் மேட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். மற்ற மாதங்களில் தலைப்பு வறண்டு கிடக்கும். தலைப்பில் மேடு தட்டிப்போன வாய்க்கால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் கல்கத்தாத் துறைமுகத்துக்குத்தான் கஷ்டம். அது கடலோரத்துத் துறைமுகம் அல்ல, ஆற்றுத் துறைமுகம். கடலிலிருந்து ஓதம் ஏறும்போது வண்டலையும் சேற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். மேலேயிருந்து நல்ல தண்ணீர் வேகமாக வந்தால் அந்தச் சேற்றைத் திரும்பக் கடலுக்குத் தள்ளிவிடும். வராவிட்டால் சேறு அங்கேயே தங்கும். ஆறு தூர்ந்துபோகும், கப்பல் தரைதட்டும். குடிதண்ணீரிலும் உப்பு ஏறும்.

சரி, கங்கைக்குக் குறுக்கே ஒரு அணை கட்டித் தண்ணீரைப் பாகீரதிக்குத் திருப்பிவிட்டால் என்ன? இந்த யோசனை ரொம்பப் பழசு. 1853-லேயே சொன்னவர் யார் தெரியுமா? ஆர்தர் காட்டன். நம்ம முக்கொம்பில் 1836-ல் கொள்ளிடத்துக்கு மேலணை கட்டினாரே, அதே இங்கிலீஷ்கார இஞ்சினீயர்தான். அப்போது அதை யாரும் எடுத்துச் செய்யவில்லை. அப்போது கட்டியிருந்தால் தேசத் தகராறு வந்திருக்காது. கீழேயும் மேலேயும் ஒரே சர்க்கார்.

1947-ல் தேசம் பிரிந்தது. இந்த ஆற்றுக் கணக்கு எல்லைக் கோட்டிலேயே புகுந்துவிட்டது. முர்ஷிதாபாத் ஜில்லாவில் முஸ்லிம்கள் அதிகம். மதக் கணக்குப்படி அது பாகிஸ்தானுக்குப் போயிருக்க வேண்டும். ஹூக்ளியின் தலைப்பு அங்கே இருக்கிறது, அது கைவிட்டுப் போனால் கல்கத்தா பிழைக்காது என்பதால் அந்த ஜில்லா இந்தியாவுக்கு வந்தது. இந்துக்கள் அதிகமாக இருந்த குல்னா ஜில்லா பாகிஸ்தானுக்குப் போயிற்று. ஆகஸ்டு 15-ந் தேதியன்று முர்ஷிதாபாத்தில் பறந்தது பாகிஸ்தான் கொடி. இரண்டு நாள் கழித்து எல்லைத் தீர்ப்பு வெளியானபோதுதான் நாம் இந்தியாவில் இருக்கிறோம் என்று அந்த ஜனங்களுக்கே தெரிந்தது. ஒரு வாய்க்கால் தலைப்புக்காக ஒரு ஜில்லாவே கைமாறிய கதை இது.

பராக்கா என்ற இடத்தில் அணை கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததுமே, 1951 அக்டோபரில் பாகிஸ்தான் ஆட்சேபணை தெரிவித்தது. இந்தியாவோ, இது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது என்று பதில் சொன்னது. இப்படிக் கடிதமும் பதில் கடிதமுமாகப் பத்து வருஷம் போனது. 1961-ல் வேலை ஆரம்பமாகிவிட்டது.

பராக்காவில் கட்டியது மேட்டூர் மாதிரித் தண்ணீரைத் தேக்கிவைக்கிற அணை இல்லை. இரண்டே கால் கிலோமீட்டர் நீளமுள்ள கதவணை. 109 கண்கள், கண்ணுக்கு ஒரு ஷட்டர். தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்தில் வெட்டியிருக்கிற ஊட்டுக் கால்வாய்க்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான். அந்தக் கால்வாய் சுமார் 38 கிலோமீட்டர் ஓடி, ஜங்கிப்பூருக்குப் பக்கத்தில் பாகீரதியில் சேருகிறது. வந்த தண்ணீர் திரும்பவும் பத்மா பக்கம் நழுவிவிடாமல் இருக்க ஜங்கிப்பூரில் இன்னொரு சின்னக் கதவணை. பராக்காவிலிருந்து பங்களாதேஷ் எல்லை பதினெட்டே கிலோமீட்டர்.

தேக்கி வைக்கிற அணை இல்லை என்று சொன்னேனே, அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேக்கம் இருந்தால் வெள்ளக் காலத் தண்ணீரைப் பிடித்துவைத்து, கோடையில் இரண்டு பேருக்கும் கொடுக்கலாம். இங்கே அது முடியாது. இந்த நிமிஷம் கால்வாய்க்குள் போகிற ஒவ்வொரு கன அடியும், இந்த நிமிஷம் பங்களாதேஷுக்குப் போகாமல் நின்ற கன அடிதான்.

ஊட்டுக் கால்வாயின் கொள்ளளவு வினாடிக்கு 40,000 கன அடி. கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால், ஏறக்குறைய இரண்டு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அப்படியென்றால் 40,000 கன அடி ஒரு நாள் ஓடினால் கிட்டத்தட்ட 80,000 ஏக்கரில் ஒரு அடித் தண்ணீர். இன்னொரு விதமாகவும் சொல்லலாம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்தக் கால்வாய் 27 நாள் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மேட்டூர் காலி.

"கங்கை எவ்வளவு பெரிய ஆறு, அதில் இது ஒரு பொருட்டா?" என்று கேட்பீர்கள். ஆடி, ஆவணியில் பொருட்டே இல்லை. பத்து லட்சம் கன அடிக்கு மேலே போகும். அப்போது தண்ணீர் வேண்டாம் என்று இரண்டு தேசமும் கும்பிடுகின்றன. சண்டை, சித்திரை மாதத்துத் தண்ணீருக்கு. ஏப்ரல் கடைசிப் பத்து நாளில் பராக்காவுக்கு வந்து சேர்வதாக 1977-ல் இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட கணக்கு 55,000 கன அடி. அதில் 40,000 கல்கத்தாவுக்கு என்றால், மிச்சம் 15,000. ஒரு தேசத்தின் தென்மேற்கு மூலை முழுவதற்கும் அந்தப் பதினைந்தாயிரம்தான்.

வருஷக் கணக்கில் பார்த்தால் தகராறுக்கு இடமே இல்லை. பத்து நாள் கணக்கில் பார்த்தால்தான் தகராறு. நாற்று முற்றிப்போய் நிற்கிறபோது, "மழைக்காலத்தில்தான் கரை புரண்டு ஓடியதே" என்று யாராவது சமாதானம் சொன்னால் நமக்கு எப்படியிருக்கும்?

1971-ல் கிழக்குப் பாகிஸ்தான் போய் பங்களாதேஷ் பிறந்தது. அப்போது இரண்டு தேசமும் நல்ல சிநேகம். 1972-ல் கூட்டு நதி ஆணையம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஓடுகிற ஆறுகள் 54. 1975 ஏப்ரலில் பராக்காவைத் திறக்க, 41 நாளைக்கு மட்டும் ஒரு தாற்காலிக ஏற்பாடு. ஏப்ரல் 21 முதல் மே 31 வரை, 11,000-த்தில் ஆரம்பித்து 16,000 கன அடி வரை படிப்படியாகத் திருப்பிப் பார்க்கலாம் என்று இருவரும் சம்மதித்தார்கள். 41 நாள் முடிந்தது. ஷட்டர் மட்டும் பழைய நிலைக்குப் போகவில்லை. அந்த ஆகஸ்டில் பங்களாதேஷில் ஷேக் முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்டு ஆட்சி மாறியது. சிநேகமும் போயிற்று. 1976 கோடையில் ஒப்பந்தம் ஏதும் இல்லாமலே இந்தியா தண்ணீரைத் திருப்பியது. நம்ம சர்க்கார் செய்ததாயிற்றே என்று நான் மூடிமறைக்கப் போவதில்லை. மேல்மடைக்காரன் செய்கிற வேலைதான் அது.

கீழே என்ன நடந்தது? பத்மாவிலிருந்து பிரிந்து பங்களாதேஷின் தென்மேற்குக்குத் தண்ணீர் கொண்டுபோகிற ஆறு கொராய். பத்மா வற்றினால் கொராயின் வாய் மணல் தட்டிப்போகும். பாகீரதிக்கு முன்னால் வந்த அதே வியாதி, இப்போது கொராய்க்கு. கொராயின் நல்ல தண்ணீர் இறங்கி வராததால், கடலின் உப்புத் தண்ணீர் குல்னா வரைக்கும் மேலேறியது. நெல் வயலிலும் உப்பு, ஆலைகளுக்கு எடுக்கிற தண்ணீரிலும் உப்பு. சுந்தரவனக் காட்டில் சுந்தரி மரங்கள் நுனி கருகின. மரத்தின் வியாதிக்கு வேறு காரணங்களும் உண்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உப்பு ஏறியது பொய்யில்லை.

குஷ்டியா பக்கத்தில் கங்கை-கபோதாக் பாசனத் திட்டம் என்று ஒன்று. பேராமாரா என்ற இடத்தில் பெரிய பம்புகளை வைத்து ஆற்றிலிருந்து தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விடுவார்கள். நாலு ஜில்லாவுக்குப் பாசனம். ஆற்றில் மட்டம் இறங்கினால் பம்பின் வாய்க்கு எட்டாது. ஓடுகால் மேடிட்டுப்போகும். கரண்டு இருக்கும், பம்பு இருக்கும், ஆள் இருக்கும், தண்ணீர் மட்டும் பத்தடி கீழே. அங்கே இருக்கிற விவசாயி என்ன செய்வார்? நாம் செய்ததைத்தான் அவரும் செய்தார். ஆழ்துளைக் கிணறு போட்டார். அந்த நாட்டில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் விஷம் இருப்பது பின்னால் தெரியவந்தது. இதையும் பராக்கா தலையிலேயே கட்டுகிறவர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆர்சனிக் அந்த வண்டல் மண்ணிலேயே இயற்கையாக இருப்பது. இந்தக் கரையில் மேற்கு வங்காளத்திலும் இருக்கிறது. குற்றம் சாட்டும்போதும் அளவு வேண்டும், பாருங்கள்.

1976 மே 16-ந் தேதி மவுலானா பாஷானி என்ற விவசாயிகள் தலைவர், ராஜ்ஷாஹியிலிருந்து பராக்காவை நோக்கி ஜனங்களைத் திரட்டிக்கொண்டு நடந்தார். வயது தொண்ணூறைத் தாண்டியவர். எல்லைக்கு அருகே கான்சாட் வரைக்கும் போய்க் கூட்டத்தை நிறுத்திக்கொண்டார். அந்த வருஷம் நவம்பரிலேயே காலமாகிவிட்டார். மே 16 இன்னமும் அங்கே பராக்கா தினம்.

அதே வருஷம் பங்களாதேஷ் சர்க்கார் ஐக்கிய நாடுகள் சபைக்குப் போயிற்று. பெரியவர் கேட்டாரே, யாரிடம் போய்ச் சொல்லுவான் என்று? இங்கேதான் போனார்கள். சபை என்ன சொன்னது? இரண்டு பேரும் உடனே டாக்காவில் உட்கார்ந்து பேசி, நியாயமாகத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. ஊர்ப் பஞ்சாயத்தில், "அண்ணன் தம்பிக்குள்ளே பேசி முடிச்சுக்குங்கப்பா" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்களே, அது மாதிரி. தீர்ப்பு இல்லை, அமலாக்க ஆளும் இல்லை. எல்லை தாண்டிய ஆறுகளுக்கென்று ஐ.நா. சபை 1997-ல் ஒரு பொது உடன்படிக்கையும் கொண்டுவந்தது. 2014-ல்தான் அது அமலுக்கு வந்தது. அதற்கான ஓட்டெடுப்பில் இந்தியா கலந்துகொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டது. சேராதவரை அது கட்டுப்படுத்தாது.

ஆனாலும் ஐ.நா.வுக்குப் போனது வீண் என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷமே, 1977 நவம்பர் 5-ந் தேதி, ஐந்து வருஷ ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் கடைசிப் பத்து நாளின் 55,000-த்தில் பங்களாதேஷுக்கு 34,500, இந்தியாவுக்கு 20,500. அதைவிட முக்கியமான ஷரத்து ஒன்று இருந்தது. எவ்வளவு தண்ணீர் குறைந்தாலும், அட்டவணையில் எழுதிய பங்கில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கீழே விட வேண்டும். கடைமடைக்காரனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஐந்து வருஷம் கழித்து 1982-ல் வேறு குறிப்பாணை எழுதியபோது அந்த 80 சதவீதம் காணாமல்போய்விட்டது. 1985-ல் மறுபடி ஒன்று. அதுவும் 1988-ல் முடிந்தது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் எழுத்தில் ஒன்றுமே இல்லை. கொராய் கோடையில் அடியோடு வற்றிப்போனது அந்த வருஷங்களில்தான்.

1996 டிசம்பர் 12-ந் தேதி புது ஒப்பந்தம். இந்தியப் பக்கம் பிரதமர் தேவ கௌடா, அந்தப் பக்கம் பிரதமர் ஷேக் ஹசீனா. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு முன்கூட்டியே டாக்கா போய்ப் பேசிப் பாதையைச் செப்பனிட்டிருந்தார். ஆற்றங்கரை மாநிலம் ஒத்துக்கொள்ளாமல் டெல்லி மட்டும் கையெழுத்துப் போட்டால் காரியம் ஆகாது. இதற்கு எதிர்ச் சாட்சி தீஸ்தா ஆறு. அதில் மேலே இந்தியா கஜல்டோபாவில் ஒரு கதவணை, கீழே பங்களாதேஷ் டாலியாவில் ஒரு கதவணை, அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார்கள். 2011-ல் பங்கீட்டு ஒப்பந்தம் தயாராகிக் கையெழுத்துப் போடும் நேரத்தில் மேற்கு வங்காளம் மறுத்துவிட்டது. அதோடு நின்றது நின்றதுதான்.

1996 ஒப்பந்தத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய உங்களுக்கு இது டில்லி அதிகாரிகளைவிட நன்றாகவே புரியும்.

ஜனவரி 1 முதல் மே 31 வரைக்கும்தான் பங்கீடு. பத்துப் பத்து நாளாகக் கணக்கு. பராக்காவுக்கு வருகிற தண்ணீர் 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ என்றால் ஆளுக்குப் பாதி. 70,000-த்துக்கு மேல் 75,000 வரை என்றால் பங்களாதேஷுக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000-த்துக்கு மேலே போனால் இந்தியாவுக்கு 40,000, மீதியெல்லாம் கீழே. ஆக 60,000 வந்தால் முப்பது முப்பது. 72,000 வந்தால் கீழே 35,000, நமக்கு 37,000. 90,000 வந்தால் நமக்கு 40,000, கீழே 50,000.

நெருக்கடியான காலம் மார்ச் 11 முதல் மே 10 வரை. ஆறு பத்து நாட்கள். இதற்குத்தான் முறை. ஒரு பத்து நாள் பங்களாதேஷுக்கு 35,000 உறுதி, அடுத்த பத்து நாள் இந்தியாவுக்கு 35,000 உறுதி. மாற்றி மாற்றி. 1949 முதல் 1988 வரை நாற்பது வருஷ சராசரியை வைத்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 11 முதல் 20 வரை சராசரி வரத்து 62,633. அது இந்தியாவின் முறை. 35,000 எடுத்துக்கொண்டால் கீழே போவது 27,633. அடுத்த பத்து நாள் வரத்து 60,992. அது பங்களாதேஷின் முறை. அவர்களுக்கு 35,000, கல்கத்தாவுக்கு மிஞ்சுவது 25,992. சித்திரை வெயிலில் நாலாவது மடைக்கும் ஐந்தாவது மடைக்கும் முறை பிரித்தது போலவே இல்லை?

முறை என்றால் அளவு வேண்டும். அளவு என்றால் நம்பிக்கை வேண்டும். ஒருமுறை ஒரு வாய்க்காலில் தகராறு முற்றி, மேல் ஊர் ஆள் ஒருத்தர், கீழ் ஊர் ஆள் ஒருத்தர் என்று இரண்டு பேரை மதகடியிலேயே ராத்திரி பூராவும் உட்காரவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். லஸ்கர் டார்ச்சு அடித்துக் காட்டுவார், இரண்டு பேரும் அளவுகோலைப் பார்த்து, ஒரே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பேச்சுவார்த்தை கிடையாது, முகம் பார்க்கிறதுகூடக் கிடையாது. ஆனால் அந்த வருஷம் அடிதடி இல்லை. இரண்டு தேசமும் அதையேதான் செய்தன. பராக்காவில் பங்களாதேஷ் ஆட்களும் நிற்பார்கள், கீழே பங்களாதேஷில் ஹார்டிஞ்சு பாலத்தடியில் இந்திய ஆட்களும் நிற்பார்கள். கூட்டாக அளந்து, கூட்டாகக் கணக்கு அனுப்புகிற ஏற்பாடு. டாக்காவிலும் டெல்லியிலும் ஆட்சி எத்தனை முறை மாறியது, எத்தனை வாய்ச்சண்டை வந்தது! என்னைக் கேட்டால் இந்த ஒப்பந்தத்தில் உருப்படியான விஷயம் அளவுகோல்தான்.

ஓட்டைகளும் உண்டு. தண்ணீர் 50,000-த்துக்குக் கீழே போனால் என்ன செய்வது? இரண்டு சர்க்காரும் உடனே கலந்து பேச வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறது. 1977-ல் இருந்த 80 சதவீத உறுதி இதில் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை உண்டு. அதில் உடன்பாடு வராத வரைக்கும் பங்கில் 90 சதவீதமாவது விட வேண்டும் என்று மட்டும் ஒரு ஷரத்து. வழக்கைக் கொண்டுபோய்த் தீர்க்க மூன்றாவது மனுஷர் யாரும் இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை மேலே இருக்கிறது. பராக்காவுக்கு வந்து சேர்கிற தண்ணீரைத்தான் பங்கு போடுகிறார்கள். அதற்கு மேலே? ஹரித்துவாரில் 1854-லேயே மேல் கங்கைக் கால்வாய் திறந்தாயிற்று. நரோராவில் கீழ் கங்கைக் கால்வாய் 1878-ல். அதற்குப் பிறகு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் எத்தனை கால்வாய், எத்தனை பம்புசெட்! அங்கே இருப்பவர்களும் நம்மைப் போல விவசாயிகள்தானே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்த நாற்பது வருஷ சராசரி வரத்தைக் காப்பாற்ற இந்தியா எல்லா முயற்சியும் செய்யும் என்று எழுதியிருக்கிறதே தவிர, செய்யாவிட்டால் என்ன என்று எழுதவில்லை. பராக்காவை மேல்மடை என்று நினைத்தோம். அதுவும் கடைமடைதான்.

கோடைத் தண்ணீரைப் பெருக்க இரண்டு யோசனைகள் பல வருஷமாகப் பேச்சில் இருந்தன. பிரம்மபுத்திராவிலிருந்து பங்களாதேஷ் வழியாக ஒரு பெரிய கால்வாய் வெட்டிக் கங்கையில் விடலாம் என்றது இந்தியா. எங்கள் நிலத்தைப் பிளந்துகொண்டு கால்வாயா, முடியாது என்றது பங்களாதேஷ். நேபாளத்தில் அணைகள் கட்டி மழைத் தண்ணீரைத் தேக்கிக் கோடையில் விடலாம் என்றது பங்களாதேஷ். மூன்றாவது நாட்டை ஏன் இழுக்கிறாய் என்றது இந்தியா. இரண்டும் நடக்கவில்லை.

இவ்வளவு செய்து மேல்மடைக்காரனாவது சுகமாக இருந்தானா? மேற்கு வங்க நீர்ப்பாசன இலாகாவில் கபில் பட்டாச்சார்யா என்று ஒரு இஞ்சினீயர் இருந்தார். கோடையில் நீங்கள் நினைக்கிற 40,000 கிடைக்காது, மால்டா, முர்ஷிதாபாத் ஜில்லாக்களிலும் பீகாரிலும் வெள்ளம் அதிகமாகும் என்று அப்போதே எழுதினார். பாகிஸ்தானின் கைக்கூலி என்று பத்திரிகையில் அவரைத் திட்டினார்கள். வேலையும் போயிற்று. கங்கை தண்ணீர் மட்டுமா கொண்டுவருகிறது? மலையளவு வண்டலும் கொண்டுவருகிறது. கதவணைக்கு முன்னால் வேகம் குறைந்ததும் வண்டல் படிந்தது. படுகை உயர்ந்தது. ஆறு பக்கவாட்டில் கரையை அரித்தது. மால்டாவில் பஞ்சானந்தபூர் என்கிற சந்தை ஊர் ஆற்றுக்குள் போயிற்று. காலையில் பட்டா நிலமாக இருந்தது மாலையில் ஆறு. பட்டா மட்டும் கையில். 2016-ல் பீகார் முதல்வராக இருந்த நிதிஷ் குமார், பராக்கா அணையையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். முன்பு அலகாபாத் வரை ஏறிப்போன ஹில்சா மீன், கதவணையைத் தாண்டி அவ்வளவாக மேலேறுவதில்லை. கீழே இருக்கிறவன் தண்ணீர் இல்லாமல் கெட்டான் என்றால், மேலே இருக்கிறவன் தண்ணீரால் கெட்டான்.

போன வாரம் அந்த ஊருக்கு மறுபடி போகும்போது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பெரியவரிடம் சொன்னேன். முறை அட்டவணையை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு, "அந்த இருபத்தையாயிரத்துச் சொச்சத்துல கப்பல் போச்சா?" என்றார்.

கேட்ட கேள்வி ரொம்பச் சரி. ஹூக்ளியின் உப்பு குறைந்தது. கல்கத்தாவின் குடிதண்ணீருக்கு நல்லதாயிற்று. ஆனால் ஆறு நினைத்த அளவுக்கு ஆழமாகவில்லை. பெரிய கப்பல்களுக்காகக் கடலுக்குக் கிட்டத்தில் ஹால்டியாவில் கட்டிய துறையை 1977-ல் திறந்தார்கள். தூர் வாரும் இயந்திரங்களுக்கு இன்றும் ஓய்வு இல்லை.

"சரி, இப்ப அந்தக் காயிதம் செல்லுமா?" என்று அடுத்த கேள்வி.

கையெழுத்தான நாளிலிருந்து முப்பது வருஷத்துக்கு என்று எழுதியது. அதாவது 2026 டிசம்பர் 12 வரை. இரண்டு பேரும் சம்மதித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. சம்மதிக்காவிட்டால் என்ன என்பதற்கு ஷரத்து இல்லை. 1988-க்குப் பிறகு எட்டு வருஷம் என்ன நடந்ததோ அதுதான். ஜனவரி 1-ந் தேதி பராக்காவில் 109 ஷட்டரும் இருக்கும், 38 கிலோமீட்டர் கால்வாயும் இருக்கும், கையில் அட்டவணை இருக்காது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தப் பம்புக்காரங்க சித்திரைக்கு நாத்து விடறதா வேண்டாமா?" என்று கேட்டார்.